மருந்து ஏறியபோது சொன்னது

வேறு ஊரில் வேலைக்குப் போவதைப் பற்றி மகள் வாய் திறந்தால் போதும், கண்ணாடிக் கடைக்காரருக்கு நெஞ்சு வலிக்கும். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது, மிச்சத்தை அவர் சேர்த்துக்கொண்டார். மனைவி இறந்த பிறகு வீட்டில் இருவர்தான். கடையில் லென்ஸ் தேய்ப்பது மகள். ஃபிரேமை மாட்டிவிட்டு, இது உங்கள் மூக்குக்காகவே செய்தது என்று அளப்பது அப்பா.

லென்ஸ் தொழிற்சாலை ஒன்று அவளை ஏற்கெனவே ஒருமுறை வேலைக்கு அழைத்திருந்தது. இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில் அது கைநழுவிப் போனது. மறுபடி அழைப்பு வந்தது, மறுபடியும் பிடித்தார். இந்த முறை மகள் அழவில்லை, கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்துவிட்டாள். ரத்தக்குழாயை விரிக்க ஸ்டென்ட் வைக்கும்படி ஆனால் வேலையை மறந்துவிடுகிறேன், தேவையில்லை என்றால் நீங்கள் உங்கள் வாயால் போயிட்டு வா என்று சொல்ல வேண்டும் என்று வழியிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள்.

பரிசோதனை மேசையில் படுத்திருந்தவருக்கு நல்ல நினைவு இருந்தது. குழாய் நுழைப்பதற்காக மணிக்கட்டை மட்டும் மரக்கவைத்திருந்தார்கள். திரையில் அவருடைய இதய ரத்தக்குழாய் ஓரிடத்தில் விரலால் நசுக்கியதுபோல் ஒடுங்கித் தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. நெஞ்சில் அடைப்பைக் கண்டு இப்படி மகிழ்ந்த மனிதரை அந்த அறை பார்த்திருக்காது.

பாதிக்கு மேல் அடைத்திருக்கிறதே, ஸ்டென்டை வைத்துவிடுங்கள் என்றார்.

"பார்வைக்கு அப்படித்தான் தெரியுது," என்றார் டாக்டர். "ரத்தம் எப்படிப் போகுதுன்னு அளந்துட்டுத்தான் சொல்வேன். நீங்க கண்ணைப் பார்த்தே பவர் எழுதிடுவீங்களா?"

எப்படி அளப்பது என்றும் டாக்டரே விளக்கினார். முடிபோன்ற கம்பி ஒன்று ஒடுக்கத்தைத் தாண்டி உள்ளே போகும். மருந்து கொடுத்து ரத்த ஓட்டத்தை அதிகமாக்கி, ஒடுக்கத்துக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை ஒப்பிடுவார்கள். பின்னால் ரொம்ப இறங்கினால் ஸ்டென்ட், இல்லாவிட்டால் மாத்திரை. மருந்து ஏறும்போது நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும், நிறுத்தியதும் சரியாகிவிடும் என்றும் டாக்டர் சொன்னார். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். காதில் விழுந்தது, இறங்கினால் ஸ்டென்ட் என்பது மட்டும்.

மருந்து ஏறியது. முகம் கொதித்தது, பிறகு நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்தார்கள். இத்தனை காலம் நடித்துக் காட்டிய வலி இதன் கால்தூசி பெறாது. செத்தோம் என்று நினைத்தார். கடை நினைவுக்கு வரவில்லை. லென்ஸ் தேய்க்கக் குனியும் மகளின் பிடரிதான் வந்தது, அதில் இரண்டு மூன்று நரைமுடி. அவர் பார்த்தும் பாராததுபோல் இருந்த முடிகள்.

பக்கத்தில் நின்ற நர்ஸின் கையைப் பிடித்தார்.

"என் பொண்ணைப் போகச் சொல்லுங்க. பாதி வலி வேஷம். நான்தான் பிடிச்சு வெச்சிருந்தேன்."

சொல்கிறேன், ஆடாமல் படுங்கள் என்றாள் அவள்.

மருந்தை நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு காலியானது. ஒடுக்கத்துக்கு முன்னால் அழுத்தம் ஒன்று என்றால் பின்னால் 0.88 இருக்கிறது, 0.80க்குக் கீழே போனால்தான் யோசிக்க வேண்டும், உங்களுக்கு மாத்திரையே போதும் என்றார் டாக்டர். உயிர் திரும்பியதோடு பழைய புத்தியும் திரும்பியது. நர்ஸிடம் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிவிடலாம் என்று தேடினார். சொன்ன வேலையைத் தள்ளிப்போடுகிற ரகமில்லை அவள். இவர் மணிக்கட்டில் கட்டுப் போட்டு முடிப்பதற்குள் வெளியே போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

வார்டில் மகள் கட்டிலருகே வந்து நின்றாள். முகத்தில் கோபம் இல்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"மருந்தை நிறுத்தினா எல்லாம் போயிடும்னு நர்ஸ் சொன்னாங்க," என்றாள். "நீங்க சொன்னதும் போயிடுச்சாப்பா?"

போய்விட்டது என்று சொன்னால் போதும். மருந்து பேச வைத்தது என்றால் நம்பிவிடுவாள், அல்லது நம்பியதுபோல் இருந்துவிடுவாள். கடை வழக்கம்போல் திறக்கும். தலையணையைச் சரிசெய்ய அவள் குனிந்தபோது அந்த நரைமுடிகள் கண்ணெதிரே வந்தன. நெஞ்சு இறுகியது. பழக்கத்தில் கை தானாக அங்கே போனது. மகள் அப்படியே நின்று அந்தக் கையைப் பார்த்தாள்.

இப்போது மருந்தும் இல்லை, அடைப்பின்மேல் பழி போடவும் வழியில்லை. அவர் கையை எடுத்துப் போர்வைமேல் வைத்தார்.

"போகலைம்மா," என்றார். "நீ போயிட்டு வா."