நனையாத விரல்

அரப்புக் கிண்ணத்தை யாரோ கையில் திணித்தபோதுதான் தான் நிற்பது கிணற்றடி என்று பத்மாசனிக்குத் தெரிந்தது. தூறிக்கொண்டிருந்தது. வாங்குப் பலகையில் கிடந்தது அவளுடைய மனுசன் பரமலிங்கத்தின் உடம்பு. நேற்றுப் பின்னேரம் முதலாளியின் லொறியில் மணல் ஏற்றும்போது நெஞ்சைப் பிடித்தபடி குந்தியவர், எழும்பவில்லை. அதிலிருந்து எல்லாச் சத்தமும் அவளுக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணிக்கு அடியிலிருந்துதான் வந்தது. பறைகூட.

கண்ணை மூடினால் ஐந்து டிப்பர் லொறிகள் விளக்கெரிய வரிசையாகக் குளத்துக்குள் இறங்கின. ஒன்றிலும் சாரதி இல்லை.

போன கிழமை, கள்ளவழிக் காசைத் துருவுகிற பொலிஸ் பிரிவிலிருந்து தேனுகா என்ற பிள்ளை வந்து, "உங்கட அவற்ற பேரில அஞ்சு டிப்பர் இருக்கு, தெரியுமோ அம்மா?" என்றபோது பத்மாசனி சிரித்துவிட்டாள். மனுசன்ர சைக்கிளுக்கே பிறேக் இல்லை.

பரமலிங்கம் சிரிக்கவில்லை. "முதலாளி கேட்டவர், கையெழுத்து வச்சனான். கஞ்சா வித்த காசு எண்டு பேந்துதான் தெரியும். திங்கக்கிழமை வந்து முழுக்கச் சொல்லுறன் பிள்ளை."

இன்று ஞாயிறு.

முதலாளியின் ஆள் குகதாசன்தான் ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பைத் தன் வான் வண்டியில் கொண்டுவந்தவன். பெட்டியும் பறையும் பந்தலும் அவன் பொறுப்பு. இப்போதும் பக்கத்தில்தான் நின்றான்.

"பயப்பிடாதேங்கோ அக்கா. டிப்பரெல்லாம் தன்ரதான், முதலாளிக்குத் தொடர்பில்லை எண்டு அண்ணை எழுதித் தந்திட்டார். செத்த ஆளை ஆர் பிடிக்கிறது?"

"எப்ப தந்தவர்?"

"முந்தியே."

பரமலிங்கத்தின் தம்பி ரூபன் வாளியோடு வந்தான். "தலையில தொட்டு வையுங்கோ அண்ணி, காணும். நாங்கள் குளிப்பாட்டுறம்."

தலையில் வைத்தாள். பிறகு, ஏனென்று தெரியாமல், அவருடைய கையைத் தூக்கினாள். இடது பெருவிரலில், தோல் வெடிப்புகளுக்குள், நீல மை.

நேற்றுக் காலமை இரண்டு கையாலும் தேத்தண்ணிக் கோப்பையை வாங்கினபோது அது இல்லை. நாற்பது வயதில் எழுதப் பழகி, கைநாட்டு என்று யாரும் சொன்னால் சண்டைக்குப் போகிற மனுசன்.

குகதாசனின் கண்ணும் அந்த விரலுக்கு வந்தது. "அரப்பைப் போட்டு நல்லாத் தேயுங்கோ அக்கா. சுத்தமாப் போகட்டும்."

ரூபன் வாளியைச் சரிக்கப் போனான்.

"பொறு ரூபன். இன்னொராள் அரப்பு வைக்க இருக்கு."

"ஆர் அண்ணி? சொந்தமெல்லாம் வச்சாச்சு."

பந்தல் ஓரத்தில் செத்தவீட்டுக்கு வந்த ஆளாகத் தனியே நின்றாள் தேனுகா.

"பிள்ளை, வாங்கோ. நீங்களும் வையுங்கோ."

"நானோ அம்மா?"

"ஓம். கையில வையுங்கோ."

குகதாசன் ஓரடி முன்னே வந்தான். சனம் பார்த்துக்கொண்டு நின்றது. அவன் நின்றுவிட்டான்.

தேனுகா சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஈரமண்ணில் நடந்து வந்தாள். அவள் வந்து சேரும்வரை, அந்தப் பெருவிரலில் தூறல் விழாதபடி, பத்மாசனி தன் உள்ளங்கையை மேலே பிடித்துக்கொண்டிருந்தாள்.