தேதி போடாத ராஜினாமா

திரைச்சீலை தைக்கும் அந்தப் பட்டறையில் முதலாளி என்று ஒருவர் கிடையாது. அண்ணன்தான் உண்டு. வேலை செய்யும் முப்பது பேரும் தன்னை அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்பது அவர் கட்டளை. நாமெல்லாம் ஒரே குடும்பம், குடும்பத்துக்குள் எதற்குக் காகிதம் என்பார். அதனால் நியமனக் கடிதம் கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது, விடுப்பு என்ற பேச்சே கிடையாது. பாசம் மட்டும் வேண்டிய மட்டும் கிடைக்கும். அதற்குத்தான் செலவில்லையே.

ஒரே ஒரு காகிதம் மட்டும் விதிவிலக்கு. சேர்கிற அன்றே ஒவ்வொருவரும் ஒரு ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். தேதி இருக்காது. தேவைப்படும்போது அண்ணனே தன் கையால் போட்டுக்கொள்வார். அந்தச் சிரமம்கூடத் தம்பி தங்கைகளுக்கு வரக்கூடாது பாருங்கள். மனுஷன் அவ்வளவு ஜாக்கிரதை. பட்டறையைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் படியிறங்க மாட்டார்.

எட்டு வருஷமாக அங்கே துணி வெட்டிக்கொண்டிருந்த கத்தரியக்கா இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. பிரசவ விடுப்பு கேட்டாள். அண்ணனுக்கு மனசு உருகிவிட்டது. வீட்டிலேயே இரும்மா, திரும்பி வரவே வேண்டாம் என்றார். மறுநாள் அவள் மேசை முன்னால் வேறொருத்தி நின்றாள். கத்தரியக்காவுக்கு வயிறு எரிந்தது. புருஷன் லாரியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடக்கிறான். இவள் வேலையும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. நேராகத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்தாள்.

விசாரணைக்கு அண்ணன் இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்தார். இவள் என்னிடம் வேலையே பார்க்கவில்லை, தங்கை மாதிரி, சும்மா வந்து பேசிவிட்டுப் போவாள் என்று கண்கலங்கச் சொன்னார். கையில் ஏதாவது ஆதாரம் உண்டா என்று அதிகாரியம்மா கத்தரியக்காவைக் கேட்டார். கட்டைவிரலில் எட்டு வருஷக் காய்ப்பு இருந்தது. அதைக் கோப்பில் ஒட்ட முடியாதே. அதிகாரியம்மா பெருமூச்சு விட்டுக் கோப்பை மூடப் போனார்.

அதோடு அண்ணன் எழுந்து போயிருக்கலாம். பூட்டை இழுத்துப் பார்க்காமல் போக அவருக்கு மனசு வருமா? பையைத் திறந்து ஒரு காகிதத்தை நீட்டினார்.

"அப்படியே சந்தேகம் இருந்தாலும், அவளே வேலைய விட்டு நிக்கிறதா எழுதிக் குடுத்துட்டா மேடம்."

அதிகாரியம்மா நிதானமாகப் படித்தார். 'தங்கள் பட்டறையில் துணி வெட்டும் பணியில் இருக்கும் நான்' என்று அது தொடங்கியது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார்.

"வேலையே பாக்காதவங்க எப்படி சார் வேலைய விடுவாங்க? கையெழுத்து வெளுத்துப்போய்க் கெடக்கு, தேதி மட்டும் நேத்து போட்ட மாதிரி இருக்கு. இதே மாதிரி இன்னும் எத்தனை வச்சிருக்கீங்க?"

அண்ணன் பையை மடியோடு இறுக்கிக்கொண்டார்.

கத்தரியக்காவுக்கு வேலை உண்டு, சம்பளத்தோடு பிரசவ விடுப்பும் உண்டு, முப்பது பேருக்கும் நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும் என்று உத்தரவாயிற்று.

வாசலில் அண்ணனுக்குக் குரல் தழுதழுத்தது. குடும்ப விஷயத்தை இப்படித் தெருவுக்குக் கொண்டுவரலாமா தங்கச்சி என்றார்.

"திங்கக்கிழமை வேலைக்கு வர்றேன்" என்றாள் கத்தரியக்கா. "கடிதத்த ரெடியா வைங்க, முதலாளி."