பீங்கான் கண் வைத்த தூண்டில்

புரோகிதர் இல்லை, புகை மூட்டம் இல்லை, புரியாத மந்திரம் இல்லை. இரண்டு மாலையும் இருவரின் உறுதிமொழியும் போதும் என்று முடிவாகியிருந்த அந்தத் திருமணத்துக்கு இன்னும் ஒரே ஒரு தடை மிச்சமிருந்தது. அந்தத் தடைக்கு முறுக்கிய மீசை இருந்தது. பெயரும் இருந்தது: கோதண்டபாணி.

மணமகன் தனசேகரனின் தாய்மாமன் அவர். தாமல் ஏரிப் பாசனத்தில் நிலம் உண்டு. சொன்ன சொல்லை மாற்றியதில்லை என்ற செருக்கும் உண்டு. தகப்பனை இழந்த தனசேகரனைத் தோளில் சுமந்து வளர்த்தவர். திருமணத்தை அவர் எதிர்க்கவில்லை. சீர்திருத்தத் திருமணம் சட்டப்படி செல்லும் என்று ஆன மறு ஆண்டு அது. எதிர்த்து என்ன பயன்? ஆனால் ஒன்றை மட்டும் ஊரறியச் சொல்லிவிட்டார்: "கட்டிக்கினு நல்லா இருக்கட்டும்பா. ஆனா அந்தப் பொண்ணு ஊட்டு அடுப்புல வெந்ததை நான் வாயில வெக்க மாட்டேன்."

தம்பி உட்காராத பந்தியில் தானும் உட்கார மாட்டேன் என்றாள் தனசேகரனின் தாய் தில்லையம்மாள். தாய் வராத திருமணத்தில் தனசேகரன் சிரிப்பானா? சிரிக்காத முகத்துக்கா மாலையிடுவது?

மணமகள் பூவம்மாளை வாட்டியது அதுதான். ஐயம்பேட்டையில், பிறர் நிலத்தை உழுது உழுது தமக்கென ஒரு மண்ணாங்கட்டியும் காணாதவர்களின் தெருவிலே பிறந்தவள் அவள். அந்தத் தெருவிலிருந்து பிள்ளையார்பாளையத்துப் பட்டு முறுக்குப் பட்டறைக்கு வேலைக்குப் போன முதல் பெண். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே, இழை எங்கே நோகிறது என்று சொல்லிவிடுவாள். அழுது காரியம் சாதிக்கும் பழக்கம் அவளிடம் இல்லை. ஆகவே, ஞாயிறன்று திருமணம் என்றால் வியாழக்கிழமை நேரே தாமலுக்குப் பேருந்து ஏறினாள்.

கோதண்டபாணி ஏரிக்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். தை மாதத்து ஏரி தளும்பிக் கிடந்தது.

"மாமா, கல்யாணத்துக்கு வந்து சாப்புடணும்" என்றாள், பீடிகை ஏதுமின்றி.

அவர் திரும்பவில்லை. "வரேன். சாப்புட மாட்டேன்."

"எங்க நெல்லு வேற, உங்க நெல்லு வேறயா?"

"பேச்சுல உன்னை ஜெயிக்க முடியாதும்மா. தனசேகரன் சொல்லிக்கீறான்." மீசைக்குள் சிரித்துக்கொண்டார். பிறகு மதகை நோக்கிக் கையை நீட்டினார். "தோ, அந்த மதகடியில ஒரு விரால் இருக்குது. கொழந்தை கை நீளம் இல்ல, என் கை நீளம். மூணு வருசமா மூணு வாட்டி என் நைலானை அறுத்துக்கினு பூடுச்சி. அதைத் தூண்டில்ல புடிச்சிக் கொழம்பு வெய்யி. மொத எலையில வந்து குந்துறேன். வலை போடக் கூடாது. நான் இங்கியே உஷாரா பாத்துக்கினு இருப்பேன்."

நடக்காததைக் கேட்டுவிட்டோம் என்ற நிம்மதியோடு அவர் வெற்றிலையை மடித்தார். பூவம்மாளோ, "சரி மாமா" என்று எழுந்துவிட்டாள்.

அன்று மாலையே பட்டறைக் கழிவுப் பட்டில் எட்டு இழை எடுத்து, இறுக்கமாக ஒரு தூண்டில் கயிறு பின்னினாள். நைலான் இழுத்தால் நீளும், பட்டு நீளாது. நைலான் நீர்ப்பாசியில் சிக்கும். இறுகப் பின்னிய பட்டு பாசியை அறுத்துக்கொண்டு வரும். தூண்டிற்கோல் தனசேகரனுடையது. போன மாதம் மாமன் ஆசையோடு கொடுத்த கெட்டி மூங்கில். நுனியில் கயிறு ஓட ஒரு கம்பி வளையம், அடியில் கயிற்றைச் சுற்றி வைக்க ஒரு கட்டை. கெண்டை பிடிக்கும் சிறு முள் வேண்டாமென்று, கொல்லனிடம் சொல்லி வாயகன்ற பெரிய முள் நான்கைந்து அடித்து வாங்கினாள். இரை, உயிருள்ள தவளை. எல்லாம் பொருத்தம். எல்லாம் சரி.

வெள்ளிக்கிழமை காலை தவளை மதகடியில் இறங்கிற்று. இரண்டு மணி நேரம் கழித்துத் தண்ணீர் சுழித்தது. பூவம்மாள் சுண்டினாள். கோல் வளைந்தது. அடுத்த நொடியே நிமிர்ந்தது. கயிறு பாதியில் அறுந்து, காற்றில் ஆடிக்கொண்டு வந்தது.

"நாலாவது வாட்டி!" என்று தொடையைத் தட்டினார் கோதண்டபாணி.

பூவம்மாள் அறுந்த முனையை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். இழுத்து அறுந்த இழை இப்படி இருக்காது. இது எலி கொறித்த துணியின் ஓரம்போல் இருந்தது. முனையில் மட்டுமன்று, அதற்கு மேலும் ஐந்தாறு இடங்களில் சின்னச் சின்னக் கடி. முனையை நாக்கில் வைத்தாள். மறுகணம் வெட்கத்தில் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

கஞ்சி! தெருவுக்குத் தெரு நெசவுப் பாவு விரித்துக் கஞ்சி போடுகிற ஊரில் வேலை செய்யும் கை, நூலைக் கண்டால் சும்மா இருக்குமா? பின்னி முடித்த கயிற்றையும் பழக்கத்தின் காரணமாக அரிசிக் கஞ்சியில் தோய்த்துக் காயவைத்திருந்தாள். ஏரியிலுள்ள கெண்டைக் குஞ்சும் நண்டும் கயிற்றைச் சோறென்று எண்ணிக் கொறித்திருக்கின்றன.

சங்கதி தெரிந்ததும் கோதண்டபாணிக்குக் கண்ணில் நீர் வரச் சிரிப்பு வந்தது. "கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே கெண்டைங்களுக்குப் பந்தி வெச்சிட்டியேம்மா!"

"ஆமா மாமா. அதுங்க யார் ஊட்டுக் கஞ்சின்னு கேக்காம துன்னுதுங்க பாருங்க."

சிரிப்பு பாதியில் நின்றது. அவர் வெற்றிலைப் பையைத் தேடினார். அது மடியிலேயே இருந்தது.

வீட்டுக்குப் போய், மிச்சக் கயிற்றைச் சுடுநீரில் அலசிக் கஞ்சியைப் போக்கி, நிழலில் உலர்த்தித் தேன்மெழுகு தடவினாள் பூவம்மாள். சனிக்கிழமை காலை, தூக்குப் பாத்திரத்தில் தாய் அன்னம்மாள் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றோடு மீண்டும் மதகுக்கு வந்தாள். தனசேகரனும் வந்தான். கோதண்டபாணி அவர்களுக்கு முன்னே வந்து உட்கார்ந்திருந்தார்.

ஒன்பது மணிக்கு விரால் கவ்விற்று. இம்முறை கயிறு பத்து எண்ணும் வரை தாங்கிற்று. விராலின் கறுத்த முதுகை மூவரும் கண்டார்கள். பிறகு கோலின் நுனியிலேயே பட்டென்று தெறித்தது.

தனசேகரன் தலையில் கை வைத்தான். "பூவு, நாளைக்குக் கல்யாணம். அம்மா வரமாட்டாங்கோ. போதும், வுடு."

"போதாது" என்றாள் பூவம்மாள். அவள் கண் அறுந்த முனையில் இருந்தது. இன்றைக்குக் கொறித்த தடம் இல்லை. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, வெள்ளையடிக்கும் மட்டையைப்போல் பிசிறிட்டிருந்தது. ஏதோ ஒன்று ஒரே இடத்தில் அறுத்திருக்கிறது. மீனின் பல் அன்று. மீன் இருந்தது கயிற்றின் மறுகோடியில். அப்படியானால் எது?

"மாமா, உங்க நைலான் அறுந்துதே, அந்த முனை இருக்குதா?"

"இருக்குது. எதுக்கு?" தம் பையிலிருந்து நூல் சுற்றிய மூன்று கட்டைகளை எடுத்தார். தோல்வியைக் கூடப் பத்திரப்படுத்துகிற மனிதர்! "இதெல்லாம் எந்தக் கோல்ல கட்டினதுன்னு கேக்கிறியா? இதே கோல்தான். ராசியில்லன்னுதான் இவனுக்குக் குடுத்தேன்."

"அடப்பாவி மாமா!" என்றான் தனசேகரன்.

மூன்று முனைகளிலும் அதே தேய்வு. ஒரு பக்கம் மட்டும். பூவம்மாள் முந்தானையில் முடிந்திருந்த பட்டிலிருந்து மயிரினும் மெல்லிய ஒற்றை இழையை உருவினாள். தறியிலே இழை அறுந்துகொண்டே இருந்தால், பாவு நுழையும் ஒவ்வோர் இடுக்கிலும் ஒற்றை இழையை ஓட்டிப் பார்ப்பார்கள். பிசிறு எங்கே இருக்கிறதோ அங்கே இழை நிற்கும். அவள் அந்த இழையைக் கோல் நுனியின் கம்பி வளையத்துக்குள் விட்டு மெல்லச் சுற்றினாள். ஓடிற்று, ஓடிற்று, நின்றது.

"இங்க விரலை வெய்யுங்க மாமா."

அவர் வைத்தார். துருப்பிடித்த வளையத்தின் உட்புறத்தில், நகம் பதியும் அளவுக்கு ஒரு வெட்டு. ரம்பம்போல் கூர்.

கோதண்டபாணி அந்த வெட்டை மறுபடி மறுபடி தடவினார். மூன்று ஆண்டுகளாக அந்த மீனைப் பூதமென்றார், பேயென்றார், ராசியென்றார், விதியென்றார். குற்றவாளியோ அவர் கையிலிருந்த கோலின் நுனியில், பட்டாணி அளவுக் கம்பியாய்க் குந்தியிருந்தது!

"நானே அறுத்துக்கினு, நானே அழுதுக்கினு…" என்று முனகினார்.

"மீனு மேல தப்பே இல்ல மாமா" என்றாள் பூவம்மாள். "பட்டறையில இழை ஓடறதுக்குப் பீங்கான் கண்ணு வெச்சிருப்பாங்க. துருவும் புடிக்காது, அறுக்கவும் அறுக்காது. ஸ்டோர்ல கேட்டா ஒண்ணு குடுப்பாங்க."

தனசேகரன் அவள் சொல்லி முடிக்குமுன்பே மிதிவண்டியில் ஏறிப் பறந்தான். திரும்பி வந்தபோது உச்சிவெயில். உள்ளங்கையில் மொச்சைக்கொட்டை அளவில் வெள்ளைப் பீங்கான் கண் ஒன்று மின்னியது. கோதண்டபாணியே அதைக் கோல் நுனியில் வைத்து, மெழுகு நூலால் சுற்றிச் சுற்றிக் கட்டினார். பூவம்மாள் ஒற்றை இழையை ஓட்டினாள். எங்கும் நிற்கவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்குது" என்றாள். "விராலுக்குப் பல்லு உண்டு. அது வாய் படற முக்கா முழம் மட்டும் இரட்டை இழையா பின்னிடணும். பட்டறைன்னா ஆணியில கட்டுவேன். இங்க யாராச்சும் முனையைப் புடிக்கணும். விறைப்பா புடிக்கணும், நடுவுல வுட்டா எல்லாம் சிக்கிக்கும்."

தனசேகரன் பிடித்தான். இரண்டு முறை தொய்யவிட்டான். அவன் பார்வை இழையில் இல்லை; பின்னுகிறவளின் முகத்தில் இருந்தது.

"தள்ளுடா, பேஜாரு புடிச்சவனே! நூலைப் பாக்கச் சொன்னா பொண்ணைப் பாத்துக்கினு!" என்று கோதண்டபாணி முனையைப் பிடுங்கிக்கொண்டார்.

மதகுக் கல்லின் ஒரு கோடியில் அவர். மறுகோடியில் அவள். நடுவே பதினாறு பட்டிழைகள். அவள் விரல் தாண்டித் தாண்டி ஓடியது. அவர் மூச்சைக்கூட அளந்து விட்டார். நேரம் ஏறிற்று. வயிறு கூவிற்று. இருவருக்கும் இரு கைகளும் சிறைப்பட்டிருந்தன.

தனசேகரன் தூக்கைத் திறந்தான். புளிச்சோற்றை உருட்டி முதலில் பூவம்மாள் வாயில் வைத்தான். நல்லெண்ணெய் மணம் காற்றில் மிதந்தது. அடுத்த உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றான்.

"டேய், வாசனை காட்டினுகீறியா? குடுடா!" என்றார் கோதண்டபாணி, இழையிலிருந்து கண்ணை எடுக்காமலே. வாயைத் திறந்தார்.

தனசேகரன் சட்டென்று கையை நீட்டினான். உருண்டை உள்ளே போயிற்று.

அவளுக்கு ஒன்று; அவருக்கு ஒன்று. ஒரே பாத்திரம், ஒரே கை. "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார் இரண்டாவதில். "கடலை நல்லா வறுத்துக்கீறாங்க" என்றார் நான்காவதில். பூவம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தினால் சிரிப்பு வெடித்து இழை கலைந்துவிடும். பரம்பரை பரம்பரையாய்க் கட்டிக் காத்த மதில், இடிக்க ஆளின்றி, முழங்க முரசின்றி, புளிச்சோற்று உருண்டைக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தது!

பின்னல் முடிந்தது. முடிச்சை எச்சிலால் நனைத்து மெல்ல இறுக்கினாள். உலர்ந்த பட்டை இறுக்கினால் முடிச்சே இழையைச் சுட்டுவிடும். பிறகுதான் தனசேகரன் தொண்டையைக் கனைத்தான்.

"மாமா. ஆறு."

"இன்னாடா ஆறு?"

"ஆறு உருண்டை. ஐயம்பேட்டை அடுப்புல வெந்தது."

கோதண்டபாணி தூக்கைப் பார்த்தார். தனசேகரனைப் பார்த்தார். மீசையில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையை விரலால் எடுத்து, அதையும் பார்த்தார்.

பூவம்மாள் மென்மையாகச் சொன்னாள்: "பந்தி முடிஞ்சிது மாமா. நீங்க வெச்ச பந்தயத்துக்கு இனிமே வேலையே இல்ல. மீனு பாவம், வுட்டுடலாமா?"

கோதண்டபாணி அந்தப் பருக்கையை வாயில் போட்டுக்கொண்டார்.

"வுடறதா?" என்று எழுந்தார். "நான் அதைப் பேய்னு சொன்னதுக்கு மூணு வருசமா ஊரெல்லாம் என்னைப் பாத்துச் சிரிச்சிக்கினு இருக்குது! போடும்மா தூண்டிலை! அல்லிக்கொடிக்கு இந்தாண்ட போடு. இன்னும் கொஞ்சம்… ஆங், அங்கதான்!"

தவளை விழுந்த வட்டம் விரிவதற்குள்ளே நீர் பிளந்தது. பூவம்மாள் சுண்டினாள். கோல் வில்லாய் வளைந்தது. விரால் அல்லிக் கொடிக்குள் பாய்ந்தது. முன்பு நைலானைச் சிறைப்பிடித்த கொடிகளைப் பட்டுக் கயிறு சரசரவென்று அறுத்துக்கொண்டு வந்தது. பீங்கான் கண்ணில் கயிறு வழுக்கிக்கொண்டு ஓடிற்று, உராயவில்லை, பிசிறவில்லை.

"இறுக்காத மருமவளே, ஓட வுடு! இப்ப சுத்து! சுத்து!" என்று கூவிய கோதண்டபாணி, தாம் கூப்பிட்ட உறவைத் தாமே கவனிக்கவில்லை. கரைக்கு ஒரு முழம் இருக்கையில் விரால் கடைசியாக ஒருமுறை திமிறியது. அவர் வேட்டியோடு தண்ணீரில் குதித்தார். மார்பளவு நீரில் இரண்டு கைகளாலும் அதைக் கட்டிப்பிடித்து, செவுளில் விரலைக் கொடுத்துத் தூக்கினார். மெய்யாகவே அவர் கை நீளம்.

"டேய் தனசேகரா! ஓடிப்போய் உங்கம்மாகிட்ட சொல்லு! நாளைக்கு மொத எலை எனக்கு, ரெண்டாவது எலை அக்காவுக்கு. பரிமாறதுக்கு முன்னாடி வந்து குந்தலன்னா நான் பேச மாட்டேன்னு சொல்லு!"

தனசேகரன் சிரித்தான். பூவம்மாள் பார்க்க விரும்பிய சிரிப்பு அது. மாலையிடத் தகுந்த முகம் அது. மிதிவண்டி கரைமீது மணியடித்துக்கொண்டே ஓடியது.

கோதண்டபாணி மீனைப் புல்லில் கிடத்தினார். தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்டப் பூவம்மாளின் அருகில் வந்து உட்கார்ந்தார்.

"குளிருது" என்றார். "பசிக்கவும் பசிக்குது. அந்தத் தூக்குல ஏழாவது உருண்டை இருக்குதா?"

அவள் பாத்திரத்தை நீட்டினாள். இம்முறை தம் கையாலேயே எடுத்தார்.