விழிப்புணர்வுத் தந்தை

எங்கள் பயிற்சி மையத்தைத் திறந்துவைத்த அன்று நாங்கள் யாருமே கம்ப்யூட்டரைத் தொடவில்லை. அதற்கு மாலை போட்டுச் சந்தனம் வைத்திருந்தார்கள். சென்னை ஆபீஸிலிருந்து வந்த மேடம், "இனிமேல் இந்தக் கிராமத்துப் பெண்களின் விரல் நுனியில் உலகம்!" என்று மைக்கில் முழங்கினார். சங்கரன்கோவிலைக் கிராமம் என்றதற்கே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரயில் நிற்கிற ஊர் இது. விடிந்தால் தறிச் சத்தத்தில் காது அடைக்கும். மேடத்துக்கு அதெல்லாம் கேட்டிருக்காது, ஏசி காரில் வந்தவர்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர் ஜெர்சோன் சார். கெட்டவர் இல்லை, ஆனால் பாடம் நடத்தியதைவிடப் போட்டோ எடுத்ததுதான் அதிகம். கீபோர்டில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றவே விடமாட்டார். "புதுசா இருந்தாத்தாம்மா போட்டோவுல நல்லா விழும்" என்பார். நாங்களும் உறைக்கு மேலேயே தட்டித் தட்டி எக்செல் படித்தோம். குருவிகுளம் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் பாதிப் பேர், மீதியில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போலத் தறிகாரத் தெருக்காரர்கள். அத்தனை பேரிலும் சொந்தமாக போன் வைத்திருந்தவள் கடையநல்லூர் ஷாஹின் பானு மட்டும்தான். அவள் அண்ணன் துபாயிலிருந்து அனுப்பியது.

டிஜிட்டல் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளிடம் போன் இல்லையே என்று யாராவது யோசித்தார்களா? பெயர் பதிவு செய்த அன்றே, "அப்பா நம்பரைக் கொடுத்திருங்க, அதுதான் பாதுகாப்பு" என்று சொல்லிவிட்டார்கள். பெண்களைத் தலைநிமிரச் செய்ய வந்தவர்கள் எங்களை முதலில் அப்பன்மார் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினார்கள்.

எனக்கு அதெல்லாம் பொருட்டில்லை. மதுரைக் கம்பெனி ஒன்று கடைசியில் ஆன்லைன் பரீட்சை வைத்து ஆள் எடுக்கும் என்று சொல்லியிருந்தார்கள். மாதச் சம்பளம், தங்க ஹாஸ்டல். அதற்காகத்தான் இந்தக் கூத்தையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பிலேயே வேகமாகத் தட்டுகிறவள் நான். அந்த வேலை எனக்குத்தான் என்று மனசுக்குள் மூட்டைகூடக் கட்டிவிட்டேன்.

பரீட்சைக்கு முந்தின வாரம் பெற்றோர் கூட்டம். ஆன்லைன் மோசடி பற்றி ஜெர்சோன் சார் ஒரு படம் போட்டார். திருடன் ஏஐ வைத்து மகள் குரலிலேயே போனில் அழுவான், அப்பன் ஓடிபி நம்பரைச் சொல்லுவான், பேங்கில் இருப்பதெல்லாம் போய்விடும். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் அப்பா எழுந்து நின்றார். சிவனாண்டி, தறி ஓட்டுகிறவர். எங்கள் தெருவுக்கு வெளியே வாயே திறக்காத மனுஷன்.

"அப்போ, என் மகளே போன் பண்ணிக் கேட்டாலும் சொல்லக் கூடாதா சார்?"

"சொல்லவே கூடாதுய்யா! அருமையான கேள்வி!"

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், மூளை கெட்டவள்.

பரீட்சைக்கு உள்ளே நுழையவும் ஓடிபி வேண்டும். அது அப்பா போனுக்குத்தான் வரும். நம்பரை மாற்றச் சொல்லிக் கேட்டால், "சென்னை ஆபீஸ்லதாம்மா மாத்த முடியும்" என்று கைவிரித்தார் சார். அதனால் பரீட்சை அன்று காலையிலேயே அப்பாவிடம் சொன்னேன். "பத்து மணிக்கு ஒரு நம்பர் வரும்ப்பா. நான் போன் பண்ணுவேன், சொல்லிருங்க." அப்பா தலையை ஆட்டினார்.

பத்து மணிக்கு ஷாஹின் போனை வாங்கிப் பேசினேன்.

"அப்பா, செல்வி பேசுதேன். அந்த நம்பரைச் சொல்லுங்க."

"எவம்லே அது? என் மக குரல்லயே பேசுதியா?"

"அய்யோ அப்பா, நான்தாம்ப்பா, இசக்கிச்செல்வி!"

"அப்படித்தாம்லே சொல்லுவீங்க. சார் எல்லாம் சொல்லிருக்காரு."

காலையில் அம்மா வைத்த குழம்பில் உப்புக் கூடிப்போனதைச் சொன்னேன். அவர் சட்டையில் எந்தப் பொத்தான் இல்லை என்று சொன்னேன். அசையவில்லை. ஜெர்சோன் சார் போனைப் பிடுங்கி, "அய்யா, நான்தான் சொல்றேன், குடுங்க!" என்று கத்தினார். "சார் குரலையும் எடுத்துட்டியாலே?" என்று அப்பா வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டோம், எடுக்கவில்லை. நேரம் முடிந்தது, திரையும் மூடிக்கொண்டது. வேலை ஷாஹின் பானுவுக்குக் கிடைத்தது. ஒற்றை விரலால் கோழி கொத்துவதுபோலத் தட்டுகிறவள்! அவள்மேல் கோபப்படவும் வழியில்லை. போன் கொடுத்து உதவியது அவள்தானே.

இதோடு விட்டார்களா? நிறைவு விழாவில் என் அப்பாவை மேடைக்கு அழைத்து, 'விழிப்புணர்வுத் தந்தை' என்று பொன்னாடை போர்த்தினார்கள். நடந்ததை ஜெர்சோன் சார் சிரிக்கச் சிரிக்கச் சொல்ல, மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் என்னை நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். "சிரிம்மா" என்றார் சார். பல்லைக் காட்டினேன். அப்பாவை நினைத்துப் பாவமாகத்தான் இருந்தது. வெள்ளந்தி மனுஷன், யாரோ சொன்னதை அப்படியே நம்பிவிட்டார், அவரைக் குற்றம் சொல்லி என்ன செய்ய என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பா பொன்னாடையை மடித்துக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில்தான் கேட்டேன்.

"பெத்த மக குரல்கூடவாப்பா உங்களுக்குத் தெரியல?"

"தெரியாம என்ன?" என்றார், மடிப்பைத் தடவிக்கொண்டே. "மொத வார்த்தையிலயே தெரியும்."

அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா குழாயை மூடினாள்.

"பெறகு ஏன்ப்பா சொல்லல?"

"சொன்னா நீ மதுரைக்குப் போயிருவ. போகாதட்டின்னு நான் சொன்னா அழுவ, ரெண்டு நாளு சோறு திங்க மாட்ட. தெருவுல நாலு பேரு என்னையத்தான் ஏசுவாவ. இப்பம் பாரு, யாருக்கும் மனவருத்தம் இல்ல. சால்வைகூடப் போட்டுட்டாவ."

அவர் குரலில் குத்தலே இல்லை. ஒரு வேலையை ஒழுங்காக முடித்த திருப்திதான் இருந்தது. மேடத்தை, சாரை, அந்த மாலை போட்ட கம்ப்யூட்டரை, எல்லாவற்றையும் எத்தனை நாள் கேவலமாக நினைத்திருப்பேன்! அத்தனை பேரையும் ஏமாற்றிவிட்டு இந்த மனுஷன் என் வீட்டுக்குள்ளேயே சால்வை மடித்துக்கொண்டிருந்தார். அவரைத்தான் நான் வெள்ளந்தி என்று நினைத்திருந்தேன்.

"கம்பெனிக்காரன் ஆறு மாசத்துல திரும்ப ஆள் எடுப்பானாம்" என்றேன். "நாளைக்கு நான் என் பேர்ல சிம் வாங்கப் போறேன்."

"போனுக்கு எங்கன போவ?"

அம்மா ஈரக் கையோடு வந்து வாசலில் நின்றாள். காதிலிருந்த கம்மல் ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தாள். அப்பா அவளைப் பார்த்தார். மடித்த பொன்னாடை அவர் கையிலேயே இருந்தது.

"ரெண்டையும் கழத்துதேன்" என்றாள் அம்மா. "காலையில அடகுக் கடை தொறந்ததும் போவோம்ட்டி."