செக்கானூரணியிலிருந்து வந்த முதல் அழைப்பு

டாக்டர் ஆர்த்திகாவுக்குக் கோச்சடையில் ஒன்று, கே.கே. நகரில் ஒன்று என்று இரண்டு கால்நடை மருத்துவமனைகள். இங்கே கூப்பிட்டால் "டாக்டர் அங்க இருக்காங்க" என்பார்கள். அங்கே கூப்பிட்டால் "இப்பத்தான் கிளம்புனாங்க". மாட்டுக்காரர்கள் அலுத்துப்போனார்கள்.

அதைச் சரிசெய்யத்தான் வித்யாஸ்ரீ வந்தாள். சம்பள வேலையை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியவளுக்கு இதுதான் முதல் பெரிய வேலை. இரண்டு இடத்துக்கும் ஒரே நம்பர். கம்ப்யூட்டர், கேமரா, போன் எல்லாம் ஒரே இன்டர்நெட் இணைப்பில். டாக்டர் எங்கே இருந்தாலும் அழைப்பு அவர் கைபேசிக்குப் போய்விடும்.

சனிக்கிழமை காலை, கோச்சடையில் புதுப் போனை மேசையில் வைத்து ஓடவிட்டாள். "ஒரு போன்கால் தவறுனாலும் என் பேரு கெட்டுப்போயிரும்மா," என்று சொல்லிவிட்டு, ஆர்த்திகா கே.கே. நகருக்குக் காரை எடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. வரவேற்பில் இருந்த ரோகிணி பாய்ந்து எடுத்தாள்.

"செக்கானூரணிப் பக்கமிருந்து சின்னத்தாய் பேசுறேன் தாயி. மாடு விடியக்காலம் புடிச்சு முக்குது. கன்னோட ஒரு காலும் மூக்கும்தான் தெரியுது. டாக்டரம்மாவ வரச் சொல்லு!"

ரோகிணி ஒரு பொத்தானை அழுத்தினாள். மறுநொடி ஆர்த்திகாவின் குரல் கேட்டது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு அருகே காரை ஓரங்கட்டியிருந்தார்.

"இன்னொரு கால் உள்ள மடங்கிக் கிடக்கும். நான் வர்ற வரைக்கும் கன்னு தாங்காது. ரோகிணி, வீடியோவுக்கு மாத்து!"

சின்னத்தாயின் போனுக்கு ஒரு லிங்க் போனது. மருமகள் மீனா அதைத் தொட்டதும் மாட்டுத் தொழுவம் ரோகிணியின் மேசைத் திரையிலும் டாக்டரின் கைபேசியிலும் வந்தது. வந்த வேகத்தில் கட்டங்கட்டமாகச் சிதறி உறைந்தது. குரலும் விட்டுவிட்டுக் கேட்டது.

"ஒண்ணும் தெரியலையே!" என்று கத்தினார் ஆர்த்திகா.

வித்யாஸ்ரீ சட்டென்று லேப்டாப்பைத் திறந்தாள். மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் மொத்தமும் அந்த நேரம் பார்த்து அதே இணைப்பில் போய்க்கொண்டிருந்தன. லாரிகளுக்கு நடுவே ஆம்புலன்ஸ் மாட்டியதுபோல அழைப்பு திணறியது. பேச்சுக்கு முதல் வழி விடும் ஏற்பாட்டை மாலையில் செய்துகொள்ளலாம் என்று தள்ளிவைத்திருந்தாள்.

"ரோகிணி, கட் பண்ணிராத!"

பதிவுகளை நிறுத்தினாள். அழைப்புகளை எல்லாவற்றுக்கும் முன்னால் கொண்டுவந்தாள். படம் பளிச்சென்று தெளிந்தது.

"தெரியுது, தெரியுது! சின்னத்தாயக்கா, சோப்புப் போட்டுக் கையக் கழுவி எண்ணெய் தடவிக்கங்க. மாடு முக்காத நேரமாப் பாத்துக் கன்ன மெதுவா உள்ள தள்ளுங்க. மடங்குன காலோட குளம்ப உள்ளங்கையில பொத்தி முன்னால கொண்டாங்க."

"ஆத்தீ, வழுக்குதே!"

"விட்டுறாதீங்கக்கா!"

"புடிச்சிட்டேன்... வந்திருச்சு! ரெண்டு காலும் வந்திருச்சு!"

"இனி மாடு முக்கும்போது மட்டும் இழுங்க. கீழ்ப்பக்கமா!"

நாயோடும் பூனையோடும் காத்திருந்தவர்கள் எல்லாம் ரோகிணியின் மேசையைச் சூழ்ந்துவிட்டார்கள். கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. அசையவில்லை.

"மூக்கத் தொடைங்க! வைக்கோலால நல்லாத் தேய்ங்க!"

சின்னத்தாய் தேய்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் பார்த்தார்கள். கன்று ஒரு தும்மல் போட்டது. காதை உதறியது.

கோச்சடையில் கைதட்டல் அதிர்ந்தது. வித்யாஸ்ரீ தன்னை மறந்து வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்தில் என்னவோ கத்தினாள். ரோகிணி ஒன்றும் புரியாமலே "ஆமாக்கா, ஆமா!" என்று அவளைக் கட்டிக்கொண்டாள்.

"கெடேரிக் கன்னு டாக்டரம்மா! என்னமா முழிக்குது பாருங்க! வாங்க, சீம்பால் காய்ச்சித் தாரேன்."

"மொதல்ல கன்னு வயிறு நெறையக் குடிக்கட்டும். நான் இப்பவே வாரேன். வித்யா, நீங்களும் கிளம்புங்க. இத நேர்ல பாக்காம இருக்க முடியுமா?"

வித்யாஸ்ரீ ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஸ்கூட்டரை நாகமலைப் பக்கம் திருப்பும்போதும் அவள் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.