தாளாளர் வீட்டுப் பலாப்பழம்

வியாழக்கிழமை நேர்காணல். கள்ளக்குறிச்சிப் பள்ளி ஒன்றில் சிறப்புக் குழந்தைகள் வகுப்புக்கு உதவியாளர் வேலை. மணிமொழி மனுப் போட்ட சேதி வடக்கனந்தலில் பரவியதும் ஊரே அவளுக்குப் பயிற்சி கொடுக்கக் கிளம்பிவிட்டது. 'தெய்வக் குழந்தைகள்' என்று மறக்காமல் சொல்லச் சொன்னார்கள். நடுநடுவே 'பொறுமை' போடச் சொன்னார்கள். கொஞ்சம் கண் கலங்கினால் வேலை நிச்சயம் என்றாள் எதிர்வீட்டுச் செல்லியம்மாள். மூக்குத் துடைத்துவிடுகிற வேலைக்கு நேர்காணல் ஒரு கேடா என்று முதல் நாள் கேட்டவளும் அவள்தான்.

மணிமொழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறுமைக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். அவள் போட்ட சண்டையில் கேஸ் சிலிண்டர் போடுகிறவர் அந்தத் தெருப் பக்கமே வராமல் இருந்தது ஊரறிந்த கதை. தெய்வத்தோடும் பழக்கமில்லை, தேவதர்ஷினியோடுதான் பழக்கம். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன அக்கா விட்டுவிட்டுப் போன பெண், பேச்சு வராது. குளிக்க வைக்குமுன் சொம்பைக் காட்ட வேண்டும், வெளியே போகுமுன் செருப்பைக் காட்ட வேண்டும். காட்டாமல் கையைப் பிடித்து இழுத்தால் வீடு ரெண்டாகும். எந்தத் தெய்வமும் சித்தி தலையில் சாம்பார்க் கிண்ணத்தைக் கவிழ்த்ததாக மணிமொழி கேள்விப்பட்டதில்லை.

ஆனால் உலகத்தில் தனக்குக் கொஞ்சமாவது தெரிந்த வேலை இதுதான் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. இது கிடைத்தால் தன்னால் கிடைத்ததாக இருக்க வேண்டும். யார் தயவிலும் வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் புருஷன் அன்புச்செல்வன் நாற்காலியில் துண்டை விரித்து உட்கார்ந்து அதிகாரியானான். மலையிலிருந்து சரக்கு இறக்குகிற குட்டியானை வண்டி ஓட்டுகிறவன் அவன். குழந்தை கடித்தால் என்ன செய்வாய் என்று கேட்டான். கத்துவேன் என்றாள். அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார்.

"அப்டிலாம் சொல்லாத மொழி. சரி, தப்பா சொன்னாலும் பரவால்ல. தாளாளர் அம்மா வூட்ல நேத்தே ஒரு பழம் எறக்கிட்டேன்."

"இன்னா பழம்?"

வெள்ளிமலைப் பலாப்பழமாம். நேர்காணல் அன்று காலையில் கமகமவென்று பழுத்து நிற்கட்டும் என்று காம்பில் வேப்பங்குச்சி வேறு அடித்துக் கொடுத்திருக்கிறான். இதை அவன் பெருமையாகச் சொன்னதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"அப்ப நான் எதுக்குயா போறேன்? பழத்தயே உக்கார வெச்சி கேள்வி கேக்கச் சொல்லு."

மறுநாள் காலையில் தர்ஷினிக்குச் செருப்பைக் காட்டி, பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, குட்டியானையில் ஏறினாள். வழியெல்லாம் அவன் கெஞ்சினான். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் மானம் போய்விடும் என்றான். கொடுத்தபோதே போய்விட்டது என்றாள் அவள்.

தாளாளர் ஆனந்தமேரி அம்மாள் வீட்டு வாசலில் பலாப்பழங்கள் வரிசையாகக் கிடந்தன. எல்லாம் மலைப்பழம். எல்லாவற்றின் காம்பிலும் வேப்பங்குச்சி. வேலைக்கு மனுப் போட்ட அத்தனை வீட்டிலும் ஒரே மூளைதான் போல. அன்புச்செல்வன் எது நம்முடையது என்று தெரியாமல் முழித்து, கடைசியில் பெரியதாகப் பார்த்துக் கை வைத்தான்.

"சின்னத எடு" என்று பல்லைக் கடித்தாள் மணிமொழி. "இத்த வேற திருடிக்கினு போவணுமா?"

அந்த நேரம் பார்த்து அம்மாள் வெளியே வந்தார். என்ன விஷயம் என்று கேட்டார்.

"எங்க பழத்த எடுத்துக்கினு போக வந்தேங்க. நாளைக்கி இன்டர்வியூக்கு நான் மட்டும் வரேன்."

அம்மாள் அவளையும் பழத்தையும் மாறி மாறிப் பார்த்தார். திரும்பி உள்ளே போய்விட்டார். வேலை போனது என்று அன்புச்செல்வன் வண்டியைக் கிளப்பும்போது சொன்னான். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்தப் பழத்தை வழியில் ஒரு மாட்டுக்குப் போட்டார்கள்.

வியாழக்கிழமை உள்ளே மூன்று பேர். நடுவில் ஆனந்தமேரி அம்மாள். பழத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அருகிலிருந்த கண்ணாடிக்காரர் அதே கேள்வியைக் கேட்டார், குழந்தை கடித்தால் என்ன செய்வீர்கள் என்று. தெய்வம், பொறுமை, கண்ணீர் எல்லாம் தொண்டை வரை வந்தன. அதற்குமேல் வரவில்லை.

"மொதல்ல கத்துவேங்க. வலிக்கும்ல. அப்புறம் நான் இன்னா பண்ணேன்னு பாப்பேன். எங்கூட்டுப் பாப்பா சும்மா கடிக்காது. சொல்லாம சட்டையக் கழட்டுனா கடிக்கும். எங்கிட்ட சொல்லாம எவனாச்சும் கழட்டுனா நானுந்தாங்க கடிப்பேன்."

கண்ணாடிக்காரருக்கு இருமல் வந்தது. அம்மாள் போகலாம் என்று தலையசைத்தார். வெளியே வந்து படியில் உட்கார்ந்தபோதுதான் தன் வாயை நினைத்து மணிமொழிக்கு அழுகை வந்தது. கேட்காத இடத்தில் வந்து என்ன பிரயோஜனம்.

சனிக்கிழமை போன் வந்தது. திங்கட்கிழமை வந்து சேர வேண்டுமாம். பாப்பாவையும் வகுப்பில் சேர்க்கக் கூட்டிவரச் சொன்னார்களாம். அன்புச்செல்வன் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தான். மணிமொழி தர்ஷினியிடம் புதுச் செருப்பைக் காட்டிக் காட்டித் திங்கட்கிழமையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செல்லியம்மாள் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு வந்து மணிமொழியின் கன்னத்தை வழித்தாள்.

"பரவால்ல, பழம் வேலையக் காட்டிடுச்சி. நல்ல ராசியான மரம் போலக்கீது. எம் மவனுக்கும் ஒண்ணு எறக்கச் சொல்லும்மா."

கன்னத்தருகில் இருந்த அந்தக் கையை மணிமொழி பார்த்தாள். கடிக்கலாம் போலிருந்தது.