கழிப்பறைக்கு ஒரு நன்றியுரை

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருந்த அந்தக் கல்லூரியில் மாணவர் பேரவைத் தலைவி என்றால், விருந்தாளிகளுக்குப் பொன்னாடையைத் தட்டில் வைத்து நீட்டுகிறவள் என்று அர்த்தம். தளவாய்புரத்து ஸ்வீட்லின் எண்ணூறு ஓட்டு வாங்கி ஜெயித்து, ஏழு மாதமாகத் தட்டு ஏந்திக்கொண்டிருந்தாள்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பெண்கள் கழிப்பறை. பழையதற்குக் கதவும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. புதியதில் டைல்ஸ், கண்ணாடி, உறை பிரிக்காத சோப்பு எல்லாம் உண்டு. ஆனால் ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும்தான் திறப்பார்கள். மற்ற நாளில் பிள்ளைகள் போனால் அழுக்காகிவிடுமாம். சாமிக்கே தினமும் நடை திறக்கிறார்கள், இதற்கு இத்தனை கெடுபிடி.

அவளுடன் படிக்கும் மாரிசெல்வி கூமாப்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மாலை ஆறாகும். அதுவரை அடக்கியே இருந்ததில் மூன்று மாதத்தில் இரண்டு முறை நீர்க்கடுப்பு, காய்ச்சல், ஆஸ்பத்திரி. படித்துக் கிழித்தது போதும், திங்கட்கிழமை வந்து டிசி வாங்கிவிடுகிறேன் என்று அவள் அப்பா கருத்தையா சொல்லிவிட்டார்.

ஸ்வீட்லின் நான்கு மனு கொடுத்தாள். முதல்வர் தேவஇரக்கம் நான்கிலும் ‘பரிசீலிக்கப்படும்’ என்று பச்சை மையில் எழுதினார். மை தீர்ந்ததே தவிர பூட்டு திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆண்டு விழா வந்தது. சிறப்பு விருந்தினர், பேண்டேஜ் துணி மில் முதலாளி தங்கபாய் அம்மாள். பேரவைத் தலைவி மேடையில் வாய் திறக்கும் ஒரே இடம் நன்றியுரை. அதையும் முதல்வரே எழுதிக் கொடுத்திருந்தார். நன்றியுரை தொடங்கினால் கூட்டம் கிளம்புவதற்குச் செருப்பைத் தேடும் என்று தெரிந்ததால் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

ஸ்வீட்லின் மைக் செட்காரர், பூக்காரர், பெய்யாமல் விட்ட மழை வரைக்கும் நன்றி சொன்னாள். பிறகு தாளில் இல்லாததற்கு வந்தாள்.

“பெண்கள் கழிப்பறைய இந்த நிமிஷத்துல இருந்து தினமும் திறந்து வைக்கச் சம்மதிச்ச நம்ம முதல்வர் சாருக்கு, பேரவை சார்பா நன்றி.”

கைதட்டலில் பந்தல் தகரம் அதிர்ந்தது. விருந்தாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் எப்போது சம்மதித்தேன் என்று எந்த முதல்வரால் கேட்க முடியும்? எழுந்து கும்பிடு போட்டார். தங்கபாய் அவர் பக்கம் சாய்ந்தார்.

“நல்லதாப் போச்சு சார். எனக்குச் சுகரு. அப்பமே புடிச்சு அடக்கிக்கிட்டு இருக்கேன். எங்க இருக்கு?”

சாவி வந்தது, அம்மாள் உள்ளே போனார். தண்ணீர்தான் வரவில்லை. மோட்டாருக்கும் ஆய்வு நாளில் மட்டும்தான் கரண்டு கொடுப்பார்களாம். கோட்டும் டையுமாக முதல்வர் வாளி தூக்கி ஓடிவந்த அழகைக் கல்லூரியே பார்த்தது. வாசலில் ஸ்வீட்லின் வாளியை வாங்கி உள்ளே கொடுத்தாள்.

வெளியே வந்த தங்கபாய், அதற்குள் நீண்டிருந்த பெண்கள் வரிசையைப் பார்த்தார்.

“இம்புட்டுப் பிள்ளைகளுக்கும் நீங்களே சுமப்பீகளா சார்? மோட்டாரப் போடச் சொல்லுங்க. தண்ணி வாரவரைக்கும் நான் இங்கனயே உக்காந்திருக்கேன்.”

நாற்காலி போட்டார்கள். அரை மணி நேரத்தில் மோட்டார் ஓடியது.

யாரைக் கேட்டு நன்றி சொன்னாய் என்று முதல்வர் ஸ்வீட்லினை ஓரமாக இழுத்துக் கேட்டார். மறுபடியும் பூட்டினால் சொல்லுங்கள் சார், அடுத்த விழாவில் வருத்தம் தெரிவித்துவிடுகிறேன் என்றாள், மிகுந்த பணிவோடு.

வரிசையில் மாரிசெல்வி போனைக் காதில் வைத்திருந்தாள்.

“அய்யா, திங்கக்கெழம டிசிக்கு வர வேண்டாம். நான் காலேஜுக்குப் போறேன்.”

ஸ்வீட்லினுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மாரிசெல்வி பார்ப்பதற்குள், “ஏட்டி, வரிசை நகருது, போ” என்று முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.